தும்பிக்கை

மூக்குக் கண்ணாடிக் கடையில் அவனை எல்லோரும் பாலிஷ் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலாளி வைத்த பேர். கடைக்குப் பின்னால், ஒரு திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, லென்ஸை ஃபிரேமின் அளவுக்குத் தேய்த்துப் பொருத்துவது அவன் வேலை. பொருத்தி முடித்ததும் சோப்புத் தண்ணீரில் அலசி, மெல்லிய துணியால் துடைத்து, விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பான். பிறகு மறுபடி துடைப்பான். கவுண்டரில் ஆட்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். "கொஞ்சம் பொறுங்க, உள்ள இருக்கறவருக்கு இன்னும் திருப்தியாகல," என்பார் முதலாளி. வேறு கடையில் வாங்கிய கண்ணாடியோடு வருகிறவரைக்கூட அவன் விடுவதில்லை. பேசிக்கொண்டே கையை நீட்டுவான். அவரும் பேசிக்கொண்டே கழற்றிக் கொடுத்துவிடுவார். பாலிஷ் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் மூஞ்சியையும் சேர்த்துத் துடைத்து அனுப்பிவிடுவான் என்று தெருவில் ஒரு கேலி உண்டு.

பேசிக்கொண்டே என்று சொன்னேனே தவிர, பேசுவதெல்லாம் எதிராளிதான். அவன் கேட்டுக்கொண்டிருப்பான். ஒரு கேள்விக்கு அவனிடமிருந்து பதில் வருவதற்குள் கேட்டவருக்குக் கேள்வி மறந்துவிடும்.

அவனுக்கு ஒரே மகள். இரண்டாம் வகுப்பு படித்தாள். கைக்குழந்தையாக இருந்தபோதே அவளுக்கு இளைப்பு வந்துவிட்டது. மருந்துக்கு அடங்குகிற ஆஸ்துமா ஒன்று உண்டு. அந்த மாதிரிப் பிள்ளைகள் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஓடிப் பிடித்து விளையாடுவதை அவன் பார்த்திருக்கிறான். அவளுடையது அந்த ரகம் இல்லை. மாடிப்படி பாதி ஏறுவதற்குள் தோள் இரண்டும் காதைத் தொடுகிற மாதிரி உயரும். கழுத்துக் குழி உள்ளே போய் வெளியே வரும். அப்போது அவள் அழ மாட்டாள். அழுவதற்கு வேண்டிய காற்றும் கையிருப்பில் இல்லை என்பதை அந்த வயதிலேயே கற்றுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் செய்யாதது ஒன்றும் பாக்கியில்லை. ஜன்னல் திரைகளைக் கழற்றியாயிற்று. தரைவிரிப்பு போயிற்று. பஞ்சு பொம்மைகள் ஒரு மூட்டையாகக் கட்டப்பட்டு, அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் வெளியேறின. தலையணைக்கு உறை, உறைக்கு மேல் இன்னொரு உறை. சுவரில் ஈரம் பூத்த இடத்தை அவனே சுரண்டிப் பூசினான். வருகிறவர்களுக்கு அந்த வீடு, யாரோ காலி செய்துவிட்டுப் போகப்போகிற வீடு மாதிரி இருக்கும். பேசினால் எதிரொலித்தது.

அவன் மனைவி நகரப் பேருந்து ஓட்டினாள். விடிவதற்கு முன் டிப்போவுக்குக் கிளம்பினால், வீடு திரும்ப மத்தியானம் தாண்டிவிடும். சமைத்து வைத்துவிட்டு, சாயங்காலம் விளக்கு ஏற்றும் நேரத்தில் கண் சொருகிவிடும். அதனால் காலை மருந்தும் மாலை மருந்தும் அவன் பொறுப்பு. கல்யாணமான புதிதில் எந்த வேலை யாருக்கு என்று அவர்கள் பேசி முடிவு செய்ததில்லை. ஒவ்வொன்றும் தானாக ஒருவர் கையில் வந்து நின்றது. மருந்து அவன் கையில் நின்றது.

உள்ளே இழுக்கிற மருந்து அது. இன்ஹேலரை அப்படியே வாயில் வைத்து அழுத்தினால் சின்னப் பிள்ளைகளுக்குச் சரியாக இழுக்க வராது என்று, நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பொருத்தித் தருவார்கள். ஒரு முனையில் இன்ஹேலர், மறு முனையில் மூக்கையும் வாயையும் மூடுகிற கவசம். புகை மாதிரி மருந்து குழாய்க்குள் நிற்கும், பிள்ளை நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். மகள் அதற்குத் தும்பிக்கை என்று பேர் வைத்திருந்தாள். அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்த முதல் நாளே வைத்த பேர்.

காலையில் சமையலறை நாற்காலியில் அவளை உட்கார வைப்பான். இன்ஹேலரைக் குலுக்கிப் பொருத்தி, கவசத்தை விளிம்பில் காற்று புகாமல் முகத்தில் அழுத்தி, ஒரு தடவை அமுக்கிவிட்டு, அவள் மூச்சை விரல் மடித்து எண்ணுவான். ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே ஒரு சின்ன மூடி டிக் டிக்கென்று அடிக்கும். முடிந்ததும் வாயைக் கொப்பளிக்கச் சொல்வான். பிறகு தும்பிக்கையைச் சோப்புத் தண்ணீரில் அலசி, கடையிலிருந்து கொண்டுவந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பான். ஒரு நீர்ச் சொட்டின் தடம்கூட இருக்காது. அதைக் கையில் கொடுத்தால்தான் மகள் நாற்காலியை விட்டு இறங்குவாள். பழைய பேப்பரைப் பொடிப்பொடியாகக் கிழித்து மேசையில் வைத்திருப்பாள். தும்பிக்கையைக் கிட்டே கொண்டுபோனால் அந்தத் துணுக்குகள் துள்ளி எழுந்து ஒட்டிக்கொள்ளும். "டான்ஸ் ஆடுதுப்பா," என்பாள். மருந்து போட்டுக்கொண்டதற்கு அவள் வாங்கிக்கொள்கிற கூலி அது.

அந்த நேரத்துக்கு டிப்போவிலிருந்து ஃபோன் வரும்.

"குடுத்தாச்சா?"

"ஆச்சு."

அவ்வளவுதான் பேச்சு. பேருந்தை எடுக்க வேண்டும், வைத்துவிடுவாள்.

இப்படி ஒரு நாள் தவறாமல் கொடுத்தும் குழந்தை தேறவில்லை. மருந்தின் அளவு கூடிக்கொண்டே போயிற்று. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் சரியாகிவிடுவாள், வீட்டுக்கு வந்தால் சில நாளில் பழைய கதை. பெரிய டாக்டரம்மா முதலில் அவனிடம், "நேரம் தவறாம குடுக்கறீங்க இல்ல?" என்று கேட்டபோது அது வெறும் கேள்வி. அடுத்தடுத்த தடவைகளில் அதே கேள்வி மெல்ல மெல்லக் குரல் தாழ்ந்துகொண்டே வந்தது. கடைசியில் கேள்வியாகவே இல்லை. "நடுவுல மறந்து போறதெல்லாம் எல்லா வீட்டுலயும் நடக்கறதுதான். நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்," என்றார். அந்த அன்புதான் அவனைக் குத்தியது. பக்கவாட்டுக் கண்ணாடியில் பின்னால் வருகிற வண்டியைப் பார்ப்பதுபோல, மனைவி முகத்தைத் திருப்பாமல் அவனை ஒரு தரம் பார்த்தாள்.

அடுத்த படி ஊசி என்றார் டாக்டரம்மா. பெரிய மருந்து, வருஷக்கணக்கில் போட வேண்டியிருக்கும். சாதாரண மருந்து ஒழுங்காகப் போயும் கேட்கவில்லை என்பது உறுதியாகாமல் அதைத் தொடங்க முடியாது. அதனால் கொஞ்ச காலம் பள்ளிக்கூடத்து நர்ஸ் கையால் கொடுத்துப் பார்க்கலாம். காலையில் வந்ததும் ஒரு தரம், மாலையில் வீட்டுக்குக் கிளம்பும்போது ஒரு தரம். அதே மருந்து, அதே அளவு. பள்ளியிலேயே ஒரு குழாய் இருக்கிறது. விடுமுறை நாளில் மட்டும் வீட்டில்.

அவன் சரி என்றான். தன் பக்கம் நியாயம் இருக்கிறவன் சோதனைக்கு ஏன் பயப்பட வேண்டும்?

குழந்தை தேறினாள்.

முதலில் இருமல் குறைந்தது. பிறகு ஒரு மாலை, மாடிப்படியில் அவனுக்கு முன்னால் ஏறிப்போய், மேலே நின்று, "என்னப்பா, இளைக்குதா?" என்று சிரித்தாள். அவன் படியிலேயே நின்றுவிட்டான். எத்தனையோ காலமாகக் காத்திருந்த சந்தோஷம் அது. வந்தபோது தனியாக வரவில்லை, கூடவே இன்னொன்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. சனி ஞாயிறு வீட்டில் இருந்துவிட்டுப் போனால் வாரத்தின் முதல் நாள் நெஞ்சில் விசில் கேட்கிறது என்று பள்ளி நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள்.

அன்று மனைவி தூங்கப் போகவில்லை. சமையலறையில் எதிரே உட்கார்ந்தாள்.

"நிஜத்தச் சொல்லுங்க. நான் கத்த மாட்டேன்."

"குடுத்தேன்."

"தினமுமா?"

"தினமும்."

அவள் மேசையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். "அப்ப ஸ்கூல்ல என்ன அமிர்தமா குடுக்கறாங்க? அதே மருந்துதானே?" என்றாள். சொன்னபடியே கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்கும் ஏதாவது சொல்ல வந்திருக்கும்.

மறு நாளிலிருந்து டிப்போ ஃபோன் வேறு மாதிரி ஆயிற்று. விடுமுறை நாளில் அவன் எடுத்தால், "பாப்பாகிட்ட குடுங்க," என்பாள். அப்பா கொடுத்தாரா என்று மகளிடம் கேட்பது அவன் நிற்கிற இடத்துக்கே கேட்கும். மகள், "குடுத்தாரும்மா," என்பாள். அந்தச் சாட்சியும் எடுபடவில்லை. அப்பா செல்லம், அப்படித்தான் சொல்லும்.

பேசாத மனிதர்களுக்கு ஒரு கஷ்டம் உண்டு. மற்றவர்கள் சந்தேகத்தை வெளியே கொட்டிவிடுகிறார்கள்; இவர்களுக்கு அது உள்ளேயே ஊறுகிறது. திரைக்குப் பின்னால் லென்ஸைத் தேய்த்துக்கொண்டே அவன் தன்னைத்தானே விசாரித்தான். தினம் செய்கிற காரியம் எதுவும் தனித்தனி நாளாக ஞாபகத்தில் நிற்பதில்லை. பல் துலக்கியது ஞாபகம் இருக்கிறது, எந்த நாள் துலக்கினோம் என்பது இல்லை. அவளை நாற்காலியில் உட்கார வைத்த காலைகள் எல்லாம் ஒரே காலையாகச் சேர்ந்து கிடந்தன. அதற்குள் ஒன்றிரண்டு ஓட்டை இருந்திருக்குமோ? காய்ச்சலில் கிடந்தேனே, அன்று? கடையில் கணக்கெடுப்பு நடந்த வாரம்? தான் கொடுத்ததைத் தானே நம்பாமல் போகிற இடத்துக்கு அவன் வந்து சேர்ந்தபோது, மச்சினன் வந்தான்.

மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. சிரித்துக்கொண்டேதான் எதையும் சொல்வான். வாரக் கடைசியில் குழந்தை தன் வீட்டில் இருக்கட்டும், தன் மனைவி வீட்டோடு இருக்கிறவள், அவள் பார்த்துக்கொள்வாள் என்றான். அக்காவும் தம்பியும் ஏற்கெனவே பேசி முடித்திருந்தார்கள் என்பது, யாரும் யாருடைய முகத்தையும் பார்க்காமல் இருந்ததிலேயே தெரிந்தது.

"கோவிச்சுக்காதீங்க அத்தான்," என்றான் மச்சினன். "லிஃப்ட் நடுவுல நின்னா, யாரு பட்டன அமுக்குனதுன்னு நாங்க கேக்க மாட்டோம். முதல்ல உள்ள இருக்கற ஆளை வெளிய எடுப்போம்."

"எம் பொண்ணு எங்கயும் மாட்டிக்கல," என்று அவன் சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் பேச்சு பிள்ளைக்கு எந்தப் போர்வை கொடுத்தனுப்புவது என்பதற்குப் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை அவளுடைய பையை அவனே அடுக்கினான். உடுப்பு, வண்ணப் பென்சில், இன்ஹேலர். தும்பிக்கையைக் கடைசியாக ஒரு தரம் அலசி, துடைத்து, சுத்தமான துணியில் சுற்றி வைத்தான். மாமா வீட்டிலும் குழந்தை நன்றாக இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தபோது நெஞ்சில் சத்தமே இல்லை. அத்தை கொடுத்தது அதே மருந்து, அதே தும்பிக்கை. கை மட்டும்தான் வேறு.

இனி அவளை மாமா வீட்டிலேயே விட்டுவிட வேண்டும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அங்கே அவளுக்கென்று ஒரு அலமாரித் தட்டு ஒதுக்கியாகிவிட்டது என்று மனைவி போகிற போக்கில் சொன்னாள். இன்று ஒரு தட்டு என்றால் நாளைக்கு ஒரு கட்டில் என்று அவனுக்குப் புரிந்தது. தன் மகளை, தன் கைக்குத் தப்ப வைப்பதற்காக, நல்ல மனிதர்கள் எல்லோரும் சேர்ந்து மெதுவாக நகர்த்திக்கொண்டு போகிறார்கள்.

வேலை நேரத்தில் ஒருநாளும் கடையை விட்டு வெளியே போகாதவன், அன்று துணியை மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். மூச்சுப் பிரிவில் ஒரு நர்ஸ் உண்டு. கனத்த உடம்பு, வறண்ட பேச்சு. எந்தப் பிள்ளைக்கு எந்த மருந்து என்பதைத் தூக்கத்திலும் சொல்வாள் என்று பேர். அவள் அறை வாசலில் நெடுநேரம் உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டதும் போய், நின்றுகொண்டே சொன்னான்.

"சிஸ்டர், யாராவது எங்க வீட்டுக்கு வந்து பாருங்க. நான் குடுக்கறத உக்காந்து பாருங்க. எனக்கு வேற வழி தெரியல."

நர்ஸ் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் கண்ணாடி முழுக்கக் கைரேகை. அவன் கை, அவன் கேட்காமலே நீண்டது. அவளும் என்ன ஏதென்று யோசிக்காமல் கழற்றிக் கொடுத்தாள். துடைத்த கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "அடேயப்பா, அந்த மரத்துல இலையெல்லாம் இருக்குதா?" என்றாள். சனிக்கிழமை காலை வருவதாக ஒப்புக்கொண்டாள்.

அந்த வாரம் குழந்தையை மாமா வீட்டுக்கு அனுப்பவில்லை. மனைவி விடுப்பு எடுத்திருந்தாள். சமையலறை வாசலில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். நர்ஸ் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவன் எப்போதும்போலச் செய்தான். குலுக்கினான், பொருத்தினான், கவசத்தை அழுத்தினான், விரல் மடித்தான். மூடி டிக் டிக்கென்று அடித்தது. கொப்பளிக்க வைத்தான்.

"எங்க ஆளுங்களே இவ்வளவு ஒழுங்கா குடுக்க மாட்டாங்க," என்றாள் நர்ஸ்.

"நீங்க பாக்கறப்ப ஒழுங்காத்தான் குடுப்பாரு," என்றாள் மனைவி.

நர்ஸ் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். டீ குடித்துவிட்டுப் போகலாம் என்று மனைவி அடுப்பைப் பற்ற வைத்தாள். அது உபசாரம், வேறொன்றும் இல்லை. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் அவனும் நினைத்தான். தான் செய்தது சரி என்று தெரிந்துவிட்டது, அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. கை பாட்டுக்குத் தும்பிக்கையை அலசியது. துணியை எடுத்து உள்ளே விட்டுச் சுழற்றியது. வெளியே துடைத்தது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தது.

"குடுப்பா," என்றாள் மகள். பேப்பர் துணுக்குகள் மேசையில் தயாராக இருந்தன.

அவள் தும்பிக்கையை வாங்கித் துணுக்குகள் பக்கம் நீட்டினாள். துணுக்குகள் துள்ளி எழுந்து ஒட்டிக்கொண்டன.

நர்ஸ் கைப்பையைத் தோளிலிருந்து இறக்கிக் கீழே வைத்தாள். "அத எங்கிட்டக் குடு கண்ணு," என்றாள். வாங்கி, துணுக்குகளை விரலால் தட்டிவிட்டாள். விழுந்தவை மறுபடி எழுந்து வந்து ஒட்டின. "தினமும் இப்படித் துடைக்கிறீங்களா?"

"தினமும்," என்றான். அந்தச் சொல்லை அவன் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான். முதல் முறையாக ஒருவர் அதை நம்பினார்.

நர்ஸ் சுற்றி வளைக்கவில்லை. பிளாஸ்டிக்கைத் துணியால் தேய்த்தால் அதில் மின்சாரம் மாதிரி ஒன்று ஏறிக்கொள்ளும். பேப்பர் எப்படிப் போய் ஒட்டுகிறதோ அப்படித்தான் மருந்தும். அமுக்கின மருந்தில் பாதிக்கு மேல் சுவரில் ஒட்டிக்கொண்டால் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? கழுவி அப்படியே நிறுத்தி வைக்க வேண்டும், தானாக வடிந்து காய வேண்டும், துணி படக் கூடாது. பள்ளியிலும் மாமா வீட்டிலும் யாரும் அவ்வளவு மெனக்கெட்டுத் துடைத்திருக்க மாட்டார்கள். "இதக் கையில குடுத்தப்ப, மாட்டறத மட்டும் சொல்லிக் குடுத்திருப்போம். கழுவறதப் பத்தி வாயத் திறந்திருக்க மாட்டோம். அது எங்க தப்பு," என்றாள்.

அவன் கையிலிருந்த துணியை மேசைமேல் வைத்தான். பிறகு, "எனக்குத் தெரியும் சிஸ்டர்," என்றான். "பிளாஸ்டிக் லென்ஸ வெறும் துணியால துடைச்சா தூசி பறந்து வந்து ஒட்டும். அதுக்குன்னே ஒரு தண்ணி வச்சிருக்கோம், தெளிச்சுட்டுத் துடைப்போம். புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு நான்தான் சொல்லிக் குடுப்பேன்."

கடையில் தெரிந்தது வீட்டில் தெரியவில்லை. அங்கே அது தூசி. இங்கே அது டான்ஸ்.

மனைவி தும்பிக்கையை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடி மாதிரி இருந்தது. மேசைமேல் வைத்துவிட்டு அடுப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். பால் பொங்கி வழிந்தது. அடுப்பை அணைக்க அவளுக்குத் தோன்றவில்லை. மகள்தான் போய் அணைத்தாள்.

இனி வாரக் கடைசியிலும் குழந்தை வீட்டிலேயே இருந்தாள். மாமா வீட்டு அலமாரித் தட்டு காலியாயிற்று. "பாசம் ஓவராப் போய் ஷாக் அடிச்சிருச்சு அத்தான்," என்று மச்சினன் ஃபோனில் சிரித்தான். மன்னிப்பு கேட்பதற்கு அவனுக்குத் தெரிந்த வழி அது. மனைவிக்கு அந்த வழியும் தெரியவில்லை. அவள் முன்னைவிடக் குறைவாகப் பேசினாள். அவன் பொய் சொல்லவில்லை என்று ஆகிவிட்டது. ஆனால் ஒவ்வொரு நாளும் மருந்தைக் கொடுத்தவனும் அவன்தான், அதை வழிமறித்தவனும் அவன்தான். மறந்துபோன தகப்பனாக இருந்தால் ஒருத்தி மன்னித்துவிடலாம். இதை எந்தக் கணக்கில் வைப்பது என்று அவளுக்கும் தெரியவில்லை, அவனுக்கும் தெரியவில்லை. விடுமுறை நாள் ஃபோன் பழையபடி மகளிடமே போயிற்று. அது சந்தேகமா, வெட்கமா, வெறும் பழக்கமா என்று அவன் கேட்கவில்லை.

தும்பிக்கை இப்போது பாத்திரம் கவிழ்க்கிற தட்டில் நின்றபடி காய்ந்தது. அதன் மேல் நீர்ச் சொட்டு காய்ந்த வெள்ளைத் தடங்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவன் விரல்கள் நமநமவென்றன. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவான். கடையிலும் ஒரு தயக்கம் வந்துவிட்டது. "என்ன பாலிஷ், நீ துடைச்சு முடிக்கறதுக்குள்ள இவங்களுக்குப் பவரே மாறிடும் போலிருக்கே," என்றார் முதலாளி.

குளிர் காலம் வந்ததும் குழந்தைக்கு மறுபடி வந்தது.

முன்பு மாதிரி அடிக்கடி இல்லை. ஆனால் வந்தால் அதே தோள், அதே கழுத்துக் குழி. மருந்து ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. மனைவி வீட்டில் இருக்கும் நாளில் அவளே கொடுத்தாள். தும்பிக்கையில் துணி பட்டே மாதங்கள் ஆயின. ஒரு நண்பகலில் பள்ளியிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. சீருடையோடு மனைவி வந்து சேர்ந்தாள்; பேருந்தை வேறொருவர் கையில் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தாள்.

குழந்தை சற்றுத் தெளிந்து தூங்கியதும் டாக்டரம்மா இருவரையும் கூப்பிட்டார். ஊதிப் பார்க்கிற பரிசோதனை, இரத்தப் பரிசோதனை முடிவுகள் எல்லாம் மேசையில் இருந்தன. இந்த முறை அவர் அந்தப் பழைய கேள்வியைக் கேட்கவில்லை. அது இல்லாத இடம், பல் விழுந்த இடம் மாதிரி அவனுக்குத் துலக்கமாகத் தெரிந்தது.

மனைவிதான் கேட்டாள். "அப்ப துடைச்சதுனால வந்த வினையா டாக்டர்? உள்ள ஏதாவது தங்கிப் போச்சா?"

"இல்லம்மா. அந்தக் கதை முடிஞ்சுது," என்றார் டாக்டரம்மா. "மருந்து போய்ச் சேரலங்கறது பாதிக் காரணம். அதச் சரி பண்ணோம், பாதி குணமாச்சு. மீதிப் பாதி வேற. மருந்து நல்லாப் போயும் கேக்காத பிள்ளைங்க உண்டு. நாங்க வீட்டையே சந்தேகப்பட்டுக்கிட்டு இருந்ததுல, அந்தப் பக்கம் பாக்கவே இல்ல."

பிறகு அவர் விளக்கியது அவனுக்குப் புரிந்த அளவில் இதுதான். மூச்சுக் குழாயில் வீக்கம் என்று ஒரே பேர் சொல்கிறோம், ஆனால் அது ஒரே வீக்கம் இல்லை. ஒரு வகை இந்த மருந்துக்கு அடங்கும். அடங்காதபோது ஊசி போட்டால், அந்த வீக்கத்தை உண்டாக்குகிற அணுக்கள் குறையும். ஆனால் சில பிள்ளைகளுக்கு அணுக்கள் குறைந்த பிறகும் குழாயின் உள்சுவரே ஓயாமல் அபாயச் சங்கு ஊதிக்கொண்டிருக்கும். ஏன் என்று இன்னும் முழுதாகத் தெரியாது. இவள் அந்த வகையோ என்று ஒரு எண்ணம். ஊசியைத் தொடங்கலாம். எவ்வளவு கேட்கும் என்று இப்போது சொல்ல முடியாது.

இருவரும் வெளியே வந்து வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தார்கள். எதிர்ச் சுவரில் பிள்ளைகளுக்காக மீன்கள் வரைந்திருந்தார்கள். ஒரு மீனின் கண் மட்டும் பெயிண்ட் உதிர்ந்து போயிருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தன் தலையிலிருந்து ஒரு பழி இறங்கியிருக்கிறது, ஆனால் பாரம் குறைந்ததாகத் தெரியவில்லை. பழி என்றால் அதற்கு ஒரு பரிகாரம் இருந்தது. துணியை எடுத்து அலமாரியில் வைத்தால் போதும். இதை எந்த அலமாரியில் வைப்பது? தன் கைதான் முழுக் காரணம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தால், இன்று குழந்தை மாடிப்படியில் ஓடிக்கொண்டிருப்பாள். அந்தப் பழியோடு ஆயுசு முழுக்க இருந்துவிடலாம்.

பக்கத்தில் மனைவி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எல்லாம் உங்க துணியாலன்னே இருந்திருக்கலாம்."

அவன் திரும்பிப் பார்த்தான். அவள் மீன்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லாத முகம்.

"நானும் அதத்தான் நெனச்சேன்," என்றான்.

உள்ளே குழந்தை விழித்துக்கொண்டு கூப்பிட்டதும் இருவரும் ஒன்றாக எழுந்தார்கள்.

ஊசி தொடங்கிவிட்டது. கேட்கிறதா இல்லையா என்று சொல்ல இன்னும் நாள் ஆகும் என்கிறார்கள். இன்ஹேலர் மருந்தும் கூடவே நடக்கிறது. பள்ளி விடுமுறைக் காலம் என்பதால் காலை, மாலை இரண்டும் அவன் கையில். மகளுக்கு டான்ஸ் வேண்டுமே என்று பழைய பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறான். அதை மட்டும் ஆசை தீரத் துடைத்துக் கொடுப்பான். தும்பிக்கை மாதிரி இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே அவள் வாங்கிக்கொள்வாள்.

அன்று காலையும் மருந்து முடிந்து, தும்பிக்கையை அலசித் தட்டில் நிறுத்தினான். அதன் வாயிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஃபோன் அடித்தது. பின்னணியில் டிப்போவின் இரைச்சல்.

"குடுத்தாச்சா?"

"ஆச்சு," என்று சொல்லிவிட்டு, வழக்கப்படி ஃபோனை மகளிடம் நீட்டினான்.

அவள் அடிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் காதில் வைத்துப் பார்த்தாள்.

"அம்மா வச்சுட்டாங்கப்பா," என்று திருப்பிக் கொடுத்தாள்.